கார் இரவில் எங்கே நிற்கிறது? ஹைபிரிடும் பிளக் காரும்: கிலோமீட்டருக்கு எவ்வளவு?

கார் வாங்கப் போகிறவர் ஷோரூமில் முதலில் கேட்பது, "மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?" என்பதுதான். பெட்ரோல் காருக்கு அது சரியான கேள்வி. சென்னையில் எந்த பங்க்குக்குப் போனாலும் பெட்ரோல் விலை ஏறக்குறைய ஒன்றே. அந்த விலையை மைலேஜால் வகுத்தால் கிலோமீட்டருக்கு ஆகும் செலவு கிடைத்துவிடும். பெட்ரோலோடு சிறு பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்து ஓடும் ஹைபிரிடுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும், ஏனென்றால் அதற்குள் போகும் ஆற்றல் முழுக்க பங்க்கிலிருந்தே வருகிறது. பிளக்கில் செருகி சார்ஜ் ஏற்றும் கார்களுக்கு, அதாவது முழு மின்கார்களுக்கும் பெட்ரோல் டேங்க்கோடு வரும் பிளக்-இன் ஹைபிரிடுக்கும், அதே கேள்வியைக் கேட்டால் விடை தவறாகிவிடும். ஒரே மாடல் கார் ஒருவருக்குக் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாயில் ஓடுகிறது, இன்னொருவருக்கு நான்கு ரூபாயை நெருங்குகிறது. இருவரும் ஒரே மாதிரி ஓட்டினாலும் இந்த வித்தியாசம் வரும். அதை உண்டாக்குவது அந்தக் கார் எந்த மீட்டரிலிருந்து மின்சாரம் எடுக்கிறது என்பது. எது மலிவு என்ற விவாதங்களில் பெரும்பாலானவை இந்த ஒன்றைக் கணக்கில் எடுக்காமல் சராசரிகளை மோதவிடுகின்றன. அதனால்தான் இரு தரப்பும் தங்கள் கணக்கே சரி என்று நம்ப முடிகிறது.

ஹைபிரிடை முதலில் பார்க்கலாம், அதன் கணக்கு எளிது. 1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா விற்கத் தொடங்கிய பிரியஸின் அடிப்படை இன்றைய ஹைபிரிடுகளிலும் தொடர்கிறது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் வேகத்தை மோட்டார் மின்சாரமாக்கிச் சேமிக்கும். நெரிசலில் இன்ஜின் அணைந்திருக்கும். இன்ஜின் ஓடும் நேரத்திலும் அதற்கு வசதியான சுழற்சியில் ஓடும். இந்தியாவில் 2022-இல் வந்த மாருதி கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைபிரிடுக்கு நிறுவனம் சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர், இன்னோவா ஹைகிராஸுக்கு 23.24. சோதனைக்கூடத்து எண்கள் சாலையில் குறையும். கிராண்ட் விட்டாராவின் அளவுள்ள ஹைபிரிடுக்கு 20 என்று வைப்பது நியாயம். 2025-இல் சென்னையில் பெட்ரோல் 101 ரூபாயை ஒட்டி இருந்தது. ஆக, கிலோமீட்டருக்கு 5 ரூபாய். ஹைபிரிடின் வலிமை நகரத்தில் தெரியும். நெடுஞ்சாலையில் பிரேக் பிடிக்கும் வாய்ப்பு குறைவதால் அந்த வலிமையும் குறையும், மைலேஜ் 18 பக்கம் இறங்கலாம். நகரத்திலும் சென்னை வெயில் தன் பங்கைக் கேட்கும். கிராண்ட் விட்டாராவின் ஹைபிரிட் பேட்டரி 0.76 யூனிட்தான் கொள்ளும், அதிலும் முழுவதையும் பயன்படுத்த விடமாட்டார்கள். ஏ.சி. ஒன்றரை கிலோவாட் இழுத்தால் கால் மணி நேரத்தில் சேமிப்பு கரைந்து, சிக்னலில் நிற்கும்போதே இன்ஜின் உயிர் பெறும். இத்தனையையும் சேர்த்தாலும் ஹைபிரிடின் செலவு நாலரைக்கும் ஐந்தே முக்காலுக்கும் இடையில் அடங்கிவிடும். கார் சொந்த வீட்டில் நின்றாலும் தெருவில் நின்றாலும் இது மாறாது. வாங்குகிறவருக்கு அது ஒரு நிம்மதி, அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

மின்காரின் கணக்கு இ.பி. பில்லில் தொடங்குகிறது. நெக்ஸான் அளவுள்ள ஒரு மின்கார் கலவையான ஓட்டத்தில் ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் போகும். சார்ஜ் ஏறும்போது பத்து சதவீதத்துக்கு மேல் வெப்பமாக வீணாகும் என்பதால், வீட்டு மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்டுக்கு ஆறேகால் என்று வைப்பதே சரி. அந்த யூனிட்டின் விலை என்ன? இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து, "எங்களுக்கு யூனிட் மூன்று ரூபாய்தான்" என்கிறார்கள். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலைத் திருத்தத்துக்குப் பிறகு, 500 யூனிட்டுக்குள் முடிப்பவருக்கு 101 முதல் 200 வரை 2 ரூபாய் 35 காசு, 400 வரை 4.70, 500 வரை 6.30. ஐந்நூறைத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகை போய் 101-லிருந்தே 4.70 ஆகிவிடும். மேலே 600 வரை 8.40, 800 வரை 9.45, ஆயிரம் வரை 10.50, அதற்கு மேல் 11.55. வீட்டின் விளக்கும் மின்விசிறியும் ஃப்ரிட்ஜும் கீழ்ப்படிகளை ஏற்கெனவே நிரப்பிவிட்டன. கார் வந்து உட்காருவது மேல்படியில். காருக்கு ஆகும் விலை என்பது அது வந்த பிறகு பில் எவ்வளவு கூடியது என்பதே.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட், பில் 1,175 ரூபாய். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் மின்கார் வருகிறது. இரண்டு மாதத்தில் 2,000 கிலோமீட்டர், 320 யூனிட். மீட்டர் 720-க்குப் போகிறது. புதிய பில் 4,014 ரூபாய். கூடுதல் 2,839, அதாவது கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 42 காசு. இதில் 235 ரூபாய், ஐந்நூறைத் தாண்டியதற்காகப் பழைய யூனிட்டுகளின் விலை கூடியதால் வந்தது. அதைக் கார்க் கணக்கில்தான் எழுத வேண்டும். இரண்டு ஏ.சி. ஓடி ஏற்கெனவே 800 யூனிட் எரிக்கும் வீடென்றால் அதே ஓட்டத்துக்குக் கூடுதல் 3,486, கிலோமீட்டருக்கு 1.74. அதே 2,000 கிலோமீட்டருக்கு ஹைபிரிட் குடிக்கும் 100 லிட்டர் பெட்ரோல் 10,100 ரூபாய். ஆக, உயர்ந்த படியில் இருக்கும் வீட்டிலும் மின்காரின் எரிபொருள் செலவு ஹைபிரிடின் மூன்றில் ஒரு பங்கைச் சுற்றியே நிற்கிறது. கூரையில் சூரியத் தகடு வைத்தவருக்கு இன்னும் குறையும். வீட்டில் சார்ஜ் ஏற்றப் பெரிய சாதனமும் வேண்டாம். வாட்டர் ஹீட்டருக்குப் போடும் அதே 15 ஆம்பியர் பிளக் பாயிண்ட் மூன்று கிலோவாட்டுக்கு மேல் கொடுக்கும். நாளுக்கு 33 கிலோமீட்டர் ஓடும் காருக்கு ஐந்தரை யூனிட் போதும், இரண்டு மணி நேரத்துக்குள் ஏறிவிடும்.

அந்த பிளக் பாயிண்ட் இல்லாதவரின் நிலை வேறு. சாலையோரத் தனியார் அதிவேக சார்ஜர்களில், 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்தால், யூனிட் 18 முதல் 25 ரூபாய் வரை ஆகிறது. 22 என்று வைத்து, இந்தச் சார்ஜர்களின் மீட்டரில் சேரும் இழப்பு சற்றுக் குறைவு என்பதையும் கொண்டு, அதே 2,000 கிலோமீட்டரைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 6,770 ரூபாய், கிலோமீட்டருக்கு 3.40. ஹைபிரிடைவிட இதுவும் குறைவுதான். ஆனால் வாரத்துக்கு ஒருமுறையாவது சார்ஜரில் முக்கால் மணி நேரம் நிற்பதும், முன்னால் வந்தவர் கேபிளைக் கழற்றும்வரை காத்திருப்பதும் இந்தக் கணக்கில் இல்லை. நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போனால் காற்றெதிர்ப்பு கூடி, யூனிட்டுக்கு ஐந்தரைதான் கிடைக்கும். அந்த ஓட்டம் முழுதும் வெளிச் சார்ஜரில் என்றால் கிலோமீட்டருக்கு நான்கு ரூபாய். இருந்தாலும் நெடுஞ்சாலைப் பயணம் என்றாலே மின்காருக்கு நட்டம் என்ற வாதம் பாதிதான் உண்மை. சென்னையிலிருந்து மதுரைக்கு 460 கிலோமீட்டர். 45 யூனிட் கொள்ளும் பேட்டரியை வீட்டில் நிரப்பிக்கொண்டு கிளம்பி, மீதத்தை வழியில் ஏற்றினால் மொத்தம் 1,400 ரூபாயைச் சுற்றி வரும். ஹைபிரிடுக்கு 2,580. வீட்டு பிளக்கின் சாதகம் பயணத்தின் முதல் பாதியிலும் கூடவே வருகிறது.

பிளக்-இன் ஹைபிரிட் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதாகத் தோன்றும். முதல் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் மின்சாரத்தில், அதற்குப் பின் பெட்ரோலில். இந்தியாவில் விலை உயர்ந்த சில கார்களில் மட்டுமே இது கிடைக்கிறது. ஆனால் ஐரோப்பாவில் லட்சக்கணக்கில் ஓடுகிறது, அங்கே கிடைத்த சான்று நம் கேள்விக்கு மிக முக்கியமானது. அங்கே புதிய கார்கள் தாங்கள் குடிக்கும் எரிபொருளைத் தாங்களே பதிவு செய்கின்றன. 2021-இல் பதிவான கார்களின் அந்தத் தரவை வைத்து ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. சான்றிதழின்படி நூறு கிலோமீட்டருக்கு 1.7 லிட்டர் குடிக்க வேண்டிய பிளக்-இன் ஹைபிரிடுகள் சாலையில் 5.9 லிட்டர் குடித்திருந்தன. நம் கணக்கில் சொன்னால், லிட்டருக்கு 59 கிலோமீட்டர் தருவதாகச் சொன்னவை 17-தான் தந்தன. பெட்ரோல் கார்களிலும் சான்றிதழுக்கும் சாலைக்கும் வித்தியாசம் உண்டு, அது நான்கில் ஒரு பங்குக்குள். இங்கே மூன்றரை மடங்கு. இவற்றில் பல கனமான பெரிய கார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும், சிறிய ஹைபிரிடின் 20-ஓடு நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனால் எடை மூன்றரை மடங்கை விளக்காது.

விளக்குவது வேறொன்று. ஐ.சி.சி.டி. என்ற போக்குவரத்து ஆய்வு அமைப்பும் ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் நிறுவனமும் 2022-இல் வெளியிட்ட ஆய்வு, சொந்தக் காராக வைத்திருப்பவர்களையும் நிறுவனம் கொடுத்த காரை ஓட்டுபவர்களையும் பிரித்துப் பார்த்தது. சொந்தக்காரர்கள் ஓடிய தூரத்தில் 45 முதல் 49 சதவீதம் மின்சாரத்தில். நிறுவனக் கார் ஓட்டியவர்கள் 11 முதல் 15 சதவீதம் மட்டுமே. சான்றிதழ் எதிர்பார்த்ததோ 70-க்கு மேல். இரு கூட்டத்தாரும் ஓட்டியது ஒரே வகைக் கார்கள்தான். வேறுபட்டது பில்லைக் கட்டுகிறவர். பெட்ரோலுக்கு நிறுவனத்தின் அட்டை இருக்கிறது, வீட்டு மின்சாரத்துக்குத் தன் பணம் போகிறது, நெடுந்தூரமும் அடிக்கடி போக வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்டவர் எதற்காகக் கேபிளைக் கையில் எடுப்பார்? 2017-இல் பிரிட்டனில் நிறுவனக் கார்களின் எரிபொருள் கணக்கைப் பார்க்கும் ஒரு நிறுவனம் இதைச் சொன்னது. விளம்பரத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 46 கிலோமீட்டர் என்றிருந்த கார்கள் சராசரியாக 14 கொடுத்தன. திரும்பி வந்த சில கார்களின் டிக்கியில் சார்ஜ் கேபிள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் கிடந்தது. அந்தக் காரை வடிவமைத்தவர்களின் உழைப்பும், அதற்கு அரசு கொடுத்த வரிச்சலுகையும் அந்த உறைக்குள்ளேயே இருந்துவிட்டன. ஓட்டியவர்கள் மோசமானவர்கள் என்பதல்ல இதன் பொருள். தினமும் செருகினால் மட்டுமே லாபம் தரும் கார், செருகுவதற்கு இடமும் காரணமும் இருப்பவர் கைக்குத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் அது கூடுதல் எடையைச் சுமக்கும் பெட்ரோல் கார், சாதாரண ஹைபிரிடைவிடச் செலவு வைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் சான்றிதழ்க் கணக்கில் மின்சாரப் பங்கைக் கீழே இறக்கியிருப்பது தாமதமானாலும் நேர்மையான திருத்தம்.

எரிபொருளைத் தாண்டிய செலவுகள் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவருவதில்லை. மின்காருக்கு இன்ஜின் ஆயில், ஃபில்டர், ஸ்பார்க் பிளக் எதுவும் இல்லை. எடையும் திடீர் இழுவிசையும் டயரைச் சீக்கிரம் தேய்க்கும். பிரேக் பேடு ஹைபிரிடிலும் மின்காரிலும் நீண்ட நாள் வரும். மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தில் மின்காருக்கு 15 சதவீதமும் ஹைபிரிடுக்கு 7.5 சதவீதமும் தள்ளுபடி உண்டு. பிளக்-இன் ஹைபிரிடுக்கு மட்டும் இரண்டு உலகத்தின் பராமரிப்பும் சேர்ந்து வரும்.

எல்லோரும் அஞ்சுவது பேட்டரிக்கு. அந்த அச்சத்தை ஒதுக்கித் தள்ளாமல் இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஹைபிரிட் பேட்டரி சிறியது. பழைய பிரியஸில் 28 தனித்தனி மாட்யூல்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். ஒன்று தளர்ந்தாலும் எச்சரிக்கை விளக்கு எரியும். அந்த ஒன்றை மட்டும் மாற்றி வண்டியை ஓட வைக்கும் மெக்கானிக்குகள் உண்டு. ஒரே வயதுடைய மற்றவை அடுத்தடுத்துத் தளரும் என்பதால் அது ஆயுளை நீட்டும் வைத்தியமே தவிர தீர்வல்ல. பின்சீட்டுப் பக்கத்தில் பேட்டரிக்குக் குளிர்காற்று இழுக்கும் சிறு ஜன்னல் இருக்கும். அதில் தூசியோ துணியோ அடைத்தால் பேட்டரி சூடேறி ஆயுள் குறையும். இருந்தாலும் முழுவதையும் மாற்றினாலும் தாங்கக்கூடிய தொகைதான். மின்காரின் விலையில் பேட்டரிக்கே பெரிய பங்கு. 2024-இல் உலகச் சராசரி விலை ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 115 டாலர் என்று புளூம்பெர்க் என்.இ.எஃப். ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. 40 யூனிட் பேட்டரிக்கு அது நான்கு லட்சம் ரூபாயைத் தொடும், சர்வீஸ் சென்டரில் கேட்கும் விலை அதைவிடக் கூடும். எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் இப்போது வழக்கமாகிவிட்டது. அதற்குள் ஆயிரம் கிலோமீட்டர் மாத ஓட்டத்தில் வீட்டில் சார்ஜ் செய்பவர் ஹைபிரிடோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு 43,000 ரூபாய்க்கு மேல் மிச்சம் பிடித்திருப்பார், எட்டு ஆண்டில் மூன்றரை லட்சத்தை நெருங்கும். பேட்டரியே போனாலும் அவர் கணக்கு பெரிதாகக் கவிழாது. வெளிச் சார்ஜரையே நம்பியவருக்கு மிச்சம் ஆண்டுக்கு 20,000. எட்டு ஆண்டில் 1,60,000. அவருக்குப் பேட்டரி பயம் நியாயமானது. பழைய காரை விற்கும்போது கிடைக்கும் விலையும் இந்தப் பயத்தை ஒட்டியே அமையும் என்பதால் ஐந்தாம் ஆண்டில் காரை மாற்றுகிறவர் இதை முன்கூட்டியே எண்ண வேண்டும்.

குறைவாக ஓட்டுகிறவருக்கு இந்த மிச்சமெல்லாம் உண்டா என்று கேட்கலாம். மாதம் 500 கிலோமீட்டர் மட்டும் ஓடினால், வீட்டு பிளக் உள்ளவருக்கு ஆண்டுக்கு 22,000 ரூபாய், இல்லாதவருக்கு 10,000. காரின் விலையில் இரண்டு, மூன்று லட்சம் வித்தியாசம் இருந்தால் இந்த மிச்சம் அதை ஈடு செய்யாது. இந்தியாவில் 2025 செப்டம்பரிலிருந்து பெரிய ஹைபிரிடுகளுக்கு 40 சதவீத ஜி.எஸ்.டி., மின்காருக்கு 5 சதவீதம். அதனால் பல இடங்களில் மின்காரின் விலை ஹைபிரிடைவிடக் குறைவாகவே இருக்கிறது. ஆனால் அது வரி செய்யும் வேலை.

இங்கேதான் மிக வலுவான மறுப்பு வருகிறது. மின்காரின் மலிவு இயந்திரத்தின் திறமையா, அரசின் தயவா? 2025-இல் சென்னையில் ஒரு லிட்டர் பெட்ரோலின் 101 ரூபாயில், மத்திய கலால் 21.90, மாநில வாட் 13 சதவீதமும் அதன்மேல் 11 ரூபாய் 52 காசும். சேர்த்தால் 43 ரூபாய்க்கு மேல். அத்தனையையும் நீக்கிவிட்டாலும் ஹைபிரிட் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 90 காசைச் சுற்றியே நிற்கும். வீட்டில் சார்ஜ் ஆகும் மின்கார் அப்போதும் பாதிதான். அந்தப் பாதி இயந்திரத்தின் சொந்தத் திறமை. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ ஒன்பது யூனிட் ஆற்றல் இருக்கிறது. ஹைபிரிட் அதில் 20 கிலோமீட்டர் போகிறது, மின்கார் அதே ஒன்பது யூனிட்டில் 56 போகும். வெளிச் சார்ஜரில் 3.40 கொடுப்பவருக்கு வரி நீங்கினால் ஹைபிரிடே மலிவாகிவிடும் என்பதும் அதே கணக்கின் மறுபக்கம். பெட்ரோல் வரி வருவாய் குறையக் குறைய அரசுகள் கிலோமீட்டருக்கு வரி போடும் என்ற எச்சரிக்கையும் கற்பனை அல்ல. நியூசிலாந்து 2024 ஏப்ரலில் மின்காருக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு 76 நியூசிலாந்து டாலரும், பெட்ரோல் வரியும் கட்டும் பிளக்-இன் ஹைபிரிடுக்கு அதில் பாதியும் விதித்தது. பிரிட்டன் 2028 ஏப்ரல் முதல் மைலுக்கு 3 பென்ஸ், பிளக்-இன் ஹைபிரிடுக்கு ஒன்றரை என்று 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்தது. இப்படி ஒரு வரி இங்கேயும் வந்தால், 1.42-இல் ஓட்டுபவர் தாங்கிக்கொள்வார். 3.40-இல் ஓட்டுபவர்தான் முதலில் ஹைபிரிட் பக்கம் திரும்புவார்.

ஆகவே சொந்த வீடும், வாசலில் கார் நிற்க இடமும், பக்கத்தில் ஒரு பிளக் பாயிண்டும் உள்ளவர் மின்கார் வாங்கத் தயங்க வேண்டியதில்லை. தெருவில் நிறுத்துபவரும் வாடகை வீட்டில் வசதி கேட்க முடியாதவரும் இன்றைக்கு ஹைபிரிட் வாங்கினால் அது பிற்போக்கு அல்ல, சரியான கணக்கு. எனக்கு மனம் ஒப்பாதது, இந்த இரண்டுக்கும் நடுவில் சிக்கியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பாளரின் நிலை. அவருக்குச் சொந்தப் பார்க்கிங் இருக்கிறது, சொந்த மீட்டரும் இருக்கிறது. மீட்டர் போர்டு கீழ்த்தளத்தில், கார் நிற்கும் தூணிலிருந்து இருபது முப்பது மீட்டர் தள்ளி இருக்கிறது. மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகள் 2019-லேயே புதிய கட்டடங்களின் பார்க்கிங்கில் 20 சதவீதத்துக்கு சார்ஜ் வசதி வேண்டும் என்றன. பழைய கட்டடங்களில் இது அசோசியேஷன் கூட்டத்தின் முடிவு. தீ விபத்து பயம், கேபிள் போகும் வழி, அனுமதிக்கப்பட்ட மின்பளு போதுமா என்ற கேள்விகள் அங்கே எழுகின்றன. அவை நியாயமான கேள்விகள். தனி பிரேக்கர், எர்த் லீக்கேஜ் பாதுகாப்பு, தேவைப்பட்டால் மும்முனை இணைப்பு, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனின் கையெழுத்து என்று ஒவ்வொன்றுக்கும் விடை உண்டு. கேபிள் அவரவர் மீட்டரிலிருந்து வருவதால் பொதுக் கணக்கில் ஒரு யூனிட்கூடச் சேராது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டும் ஒருவருக்கு வெளிச் சார்ஜருக்கும் அந்தத் தூணுக்கும் உள்ள வித்தியாசம் ஆண்டுக்கு 23,000 ரூபாய்க்கு மேல். அடுத்த பொதுக்குழுவில் இந்தப் பொருள் வரும்போது கேட்க வேண்டியது, கேபிளை எந்தச் சுவரோரம் கொண்டுபோவது, பிரேக்கரை எங்கே வைப்பது என்பதைத்தான்.